ரசமட்டம் வைத்து வெட்டிய செடி

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மகள் வீட்டில் நீங்களும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். செடியும் உயிரோடு இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் பதறாமல் படிக்கலாம்.

ஊருக்குக் கிளம்பும்போது, உங்கள் வீட்டம்மா, நான் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் புண்ணியவதி, தன் கையால் வைத்த அந்த மஞ்சள் டெய்சிப் புதரைத் தொட்டியோடு எங்கள் பால்கனியில் இறக்கிவிட்டு, "அவ போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்றீர்கள். "பூத்து முடிஞ்சா நுனியை மட்டும் லேசா வெட்டிவிடுங்க. இலை இல்லாத பழைய கட்டைல வெட்டினா துளிர்க்காது" என்றும் சொன்னீர்கள். ஆயுசு முழுக்க லிஃப்ட் பரிசோதித்தவனுக்குச் சாமந்திக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று எம்மாத்திரம் என்று தலையாட்டினேன். பிளாஸ்டிக் பூவையே வெயிலில் வைத்து வெளுக்கவிட்ட கை இது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பூ முடிந்தது, கத்தரியை எடுத்தேன், நுனிகளை வெட்டினேன், அதோடு எழுந்து போயிருக்கலாம், இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. எங்கள் தொழிலில் லிஃப்ட் தரையும் மாடித் தரையும் மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். செடியில் யார் தடுக்கி விழப்போகிறார்கள் என்று யோசிக்காமல், தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து உச்சியில் வைத்துவிட்டேன். குமிழி நடுவுக்கு வரவில்லை. இடதைக் குறைத்தால் வலது ஏறுகிறது, வலதைக் குறைத்தால் முன்பக்கம் இளிக்கிறது, நானும் விடுவேனா, கடைசியில் குமிழி கச்சிதமாக நடுவில் வந்து நின்றபோது செடியில் பேருக்குக்கூட ஒரு இலை இல்லை. மொட்டைக் குச்சிகள்தான் நின்றன, ஆனால் மட்டமாக நின்றன. உங்கள் தங்கை வந்து பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. மேல காபி டம்ளர் வெச்சுக்கலாம்" என்றாள்.

அப்புறம் நான் பட்ட பாடு நாய் படாது. தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன், நிழலுக்கும் வெயிலுக்கும் தொட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு துளிர் இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் இதே செடி பூத்துக் குலுங்கியது வேறு வயிற்றெரிச்சல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை வாங்கி நம் தொட்டியில் வைத்து உங்கள் கண்ணில் மண்ணைத் தூவவும் துணிந்தேன். அந்தம்மாவோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது குடுக்கிறதுக்கு இல்லீங்க சார்" என்று தையல் மிஷினை ஓட்டிவிட்டார். இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று முனகிக்கொண்டே படியேறி வந்து, அந்தக் குச்சிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மச்சான். அக்கா எனக்கு எத்தனை தடவை சோறு போட்டிருப்பாங்க, அவங்க வெச்ச செடியை இப்படிப் பண்ணிட்டேனேன்னு மனசு ஆறல.

நல்லவேளை, நான் வெட்டித் தள்ளிய நுனிகளை உங்கள் தங்கை பொறுக்கி, அடியிலைகளை உருவி, ஈர மணலில் குத்தி ஜன்னலோரம் வைத்திருந்தாள். இன்று காலை ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் செடி பிழைத்துவிட்டது, ஒன்றுக்கு நாலாகவே தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் கத்தரியைப் பறிகொடுத்த
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஏங்க, அண்ணியோட செடியை உங்க கைல விட எனக்கென்ன பைத்தியமா? அண்ணன் கிளம்பின அன்னிக்கே அதைத் தையல்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். நீங்க மட்டம் பாத்தது, நான் நர்சரில அதே மாதிரி வாங்கி வெச்சது" என்கிறாள். ஆக, அக்காவின் செடியில் ஒரு கீறல்கூட இல்லை, கீழே பூத்துக்கொண்டிருக்கிறது. மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். "அனுப்புங்க. அண்ணிக்காக நீங்க அழுதது அண்ணனுக்குத் தெரியட்டும்" என்கிறாள். அதனால் அனுப்புகிறேன்.