முன்தேதியிட்ட மாத்திரை

நோயை ஒழித்த பெருமை பல விஞ்ஞானிகளுக்கு உண்டு. நோயைத் தேதிவாரியாக ஒழுங்குபடுத்திய பெருமை பம்பாய் செம்பூரில் உள்ள எங்கள் அலுவலகத்தின் மருத்துவ விடுப்புக் கமிட்டிக்கு மட்டுமே உண்டு. அதன் செயலாளன் என்ற முறையில், 1986-ஆம் ஆண்டு நிகழ்ந்த அந்தச் சாதனையை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஜூலையில் எங்கள் ஹெட்கிளார்க் சந்திரமௌலிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் சற்று இழுத்தது. மற்றபடி பேசினார், சாப்பிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கேட்டது மூன்று மாத விடுப்பு. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வர அந்தக் கால் இடம் கொடுக்கவில்லை.

விண்ணப்பத்தோடு மாட்டுங்கா டாக்டரின் கடிதமும் இருந்தது. 'ஓராண்டாகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பாதிப்பு லேசாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தொடர வேண்டும்.'

கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் திருநெல்வேலிக்காரர். படிவத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நோய் தொடங்கின தேதி இந்த ஜூலை. மருந்து தொடங்கின தேதி போன வருஷம் மே. நோய்க்கு முன்னால மருந்து எப்படிவே வரும்?"

"போன வருஷம் மே மாசம் பத்து நிமிஷம் வாய் குளறித்து சார்," என்றார் சந்திரமௌலி. "ரத்தம் கட்டிக்காம இருக்கத் தினம் அரை மாத்திரைன்னு டாக்டர் சொன்னார்."

நான் மஸ்டரைப் புரட்டினேன். அன்று அவர் வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே அது நோய் அல்ல என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது.

"அப்போ வரப்போறது உமக்கு முன்னாடியே தெரியும். இது 'திட்டமிட்ட நோய்'லா?"

"மாத்திரை இல்லேன்னா இன்னும் மோசமா வந்திருக்கலாமாம் சார்."

"மோசமா வந்திருந்தா லீவு குடுத்திருப்போமே," என்றார் தலைவர் மிகுந்த பரிவோடு.

மினிட்ஸை நான் எழுதினேன்: 'முன்மருந்து உட்கொண்டு நோயின் தீவிரத்தைக் குறைத்துக்கொண்டவர் விடுப்புக்குத் தகுதியற்றவர். தேதி முரண்பாடு நீங்கும்வரை மேற்படி மாத்திரை நிறுத்திவைக்கப்படுகிறது.'

வெளியே வந்ததும் சந்திரமௌலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெங்கடேஸ்வரன், நெஜமாவே நிறுத்தணுமா?"

"நிறுத்தும் ஓய். ரெண்டு மாசத்துல புது ஃபார்ம் போடலாம். லீவு பக்கா."

என்னை நம்பினார். இரண்டு மாதம் காலை இழுத்துக்கொண்டு லோக்கலில் வந்தார்.

செப்டம்பரில் மறுபடி வந்தது. இந்த முறை வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கமிட்டிக்கு அது பெரிய ஆறுதல். படிவத்தில் ஒரு குறையும் இல்லை. முதலில் நோய், பிறகு மருந்து. இரண்டே நிமிடத்தில் ஆறு மாத விடுப்பு வழங்கினோம். கேட்டதைப்போல் இரு மடங்கு!

உத்தரவை நானே டோம்பிவிலிக்குக் கொண்டுபோனேன். அவர் மனைவி நாகலக்ஷ்மி வாங்கிப் படித்தாள்.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது டாக்டரா?"

"இல்லை மாமி. கமிட்டி."

"கமிட்டின்னா யாரு?"

கட்டிலில் இருந்து சந்திரமௌலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது, நானும் சொல்லவில்லை.