பாக் ஜுமாடியின் குதிகால்

பாக் ஜுமாடியின் குதிகால் மறுபடியும் கத்தியது.

கத்தியது சோலோ நகரத்துச் சந்து வீடொன்றில். செய்தி போய் விழுந்ததோ, ஊரின் மறுகோடியில் பட்டறையில் சோற்றில் கை வைத்திருந்த வஸ்கிதோவின் கைபேசியில். ‘காற்றுக் கசிவு’ என்று சிவப்பு எழுத்துகள் மின்னின. அவன் சோற்றுப் பொட்டலத்தை மூடிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தான். கூட வேலை பார்க்கும் இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டது.

அந்தக் குதிகாலில் ஒட்டியிருந்தது வஸ்கிதோ வடிவமைத்த கட்டு. பார்வைக்குத் தடித்த பிளாஸ்திரி. உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் பொத்தான் அளவில் ஒரு பம்பு, பேட்டரி, சின்னதாக ஒரு சர்க்யூட். பம்பு ஓயாமல் காற்றை உறிஞ்சும், புண்ணில் ஊறும் நீர் பஞ்சுக்குப் போகும், புண் சீக்கிரம் ஆறும். ஆஸ்பத்திரிகளில் இதே வேலையைச் செய்கிற பெரிய இயந்திரம் ஆளைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடும். இது காலோடு கூடவே நடந்து வரும். ஒரே நிபந்தனை, ஓரம் ஒரு மயிரிழைகூடப் பிரியக்கூடாது. பிரிந்தால் காற்று நுழையும்; உடனே கத்தும்.

பாக் ஜுமாடி பிளாட்பாரத்தில் விசில் ஊதி ரயில் அனுப்பி ஓய்வுபெற்றவர். சர்க்கரையால் குதிகாலில் குழி விழுந்து, பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி முயற்சியாகத்தான், புதுக் கட்டை நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கும் ஆஸ்பத்திரிச் சோதனையில் சேர்த்தார்கள். கட்டு தேறுமா தேறாதா என்பதை ஆஸ்பத்திரிக் குழு கசிவுகளை எண்ணித்தான் சொல்லும். மற்ற நோயாளிகளின் கட்டுகள் வாயே திறக்கவில்லை. இவர் காலில் இருந்தது மட்டும் ஊரைக் கூட்டியது.

வஸ்கிதோ போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் கூண்டுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் சோலைபாடிப் பறவைக்கு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தார். கட்டின் ஓரங்கள் கச்சிதமாக ஒட்டியிருந்தன.

“தானாவே நின்னுடுச்சு தம்பி,” என்றார் பெருந்தன்மையாக. “நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. மெஷின்னா அப்படித்தான்.”

அவர் மனைவி இபு சும்யாத்திக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. சத்தம் லாரி ரிவர்ஸில் வருகிற மாதிரியே இருக்கிறதாம். பக்ஸோ என்கிற கறி உருண்டை சூப் விற்கும் வண்டிக்காரர் பயந்துபோய் வண்டியை ஓரத்தில் ஏற்றி, சூப்பெல்லாம் சாக்கடையில் ஊற்றிவிட்டாராம்.

“வேலையில இருந்தவரைக்கும் இந்த மனுஷன் விசில் ஊதினாரு. ரிட்டையர் ஆயிட்டாரு, இனி காதுக்கு நிம்மதின்னு இருந்தேன். இப்ப காலு ஊதுது.”

வஸ்கிதோ அன்றைக்கு அகலமான ஒட்டுப்பட்டை வைத்துக் கட்டை மாற்றினான். மறுநாள் விடிந்ததும் கசிவு. எப்போதும் காலையில்தான் அதிகம். குளிக்கும்போது தண்ணீர் போகிறதோ என்று யோசித்தான். அது ஒருபுறம் இருக்க, இபுவின் காதையாவது காப்பாற்றலாம் என்று லாரிச் சத்தத்தை எடுத்துவிட்டு, தாழ்ந்து எழும் மெல்லிய சீட்டி ஒன்றை வைத்தான்.

கசிவு இரண்டு மடங்கானது.

இனி சந்தேகமே இல்லை, ஈரம் சர்க்யூட்டுக்குள் போய் அது பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான். பம்பையும் சர்க்யூட்டையும் சிலிக்கோனில் முக்கி எடுத்து, காற்று புகாதபடி மூடினான். புதுக் கட்டை ஒட்டிவிட்டு வந்த மறுநாள் செய்தியே வரவில்லை. பட்டறையில் மூவரும் தேநீர் வாங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது பாக் ஜுமாடியே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“சத்தமே வரலையே தம்பி,” என்றார். குரல் உடைந்திருந்தது. “நானும் காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன்.”

பாவம், மனிதர் பயந்துவிட்டார் என்று வஸ்கிதோவுக்கு மனசு கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் கட்டு எண்ணெயில் போட்ட பூரியாக உப்பியிருந்தது. உறிஞ்சிய காற்று வெளியேறும் துளையையும் சேர்த்து மூடிவிட்டிருக்கிறான். போக வழி இல்லாமல் காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு ஒன்றை அந்தத் துளையில் பொருத்தினான். மூடிய சர்க்யூட்டும் பிழைத்தது, பம்பும் பிழைத்தது. சோதனைக்காக ஓரத்தைத் தூக்கிச் சீட்டி அடிக்கவிட்டபோது பாக் ஜுமாடி கண்ணை மூடிக்கொண்டு அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் வேறு கூத்து. இபு சும்யாத்தி பதறிக் கூப்பிட்டார், கால் அலறுகிறது என்று. கைபேசியில் செய்தி எதுவும் இல்லை. மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தால், அலறியது சோலைபாடி. கேட்ட குரலையெல்லாம் திருப்பிப் பாடுகிற ஜாதி அது. சீட்டியை அட்சரம் பிசகாமல் பிடித்துவிட்டிருந்தது. அதன்பின் நிஜமாகவே கசிந்தபோது, அது பறவைதான் என்று சொல்லி இபு துணி துவைக்கப் போய்விட்டார்.

பறவை படிக்க முடியாத சத்தமாக வைத்தால்தான் பிழைப்பு என்று வஸ்கிதோ தலையைப் பிய்த்துக்கொண்டான். பாக் ஜுமாடி ஆறுதலாகப் பேசினார்.

“ஒரே சத்தம்னா சுளுவா பிடிச்சுடுவான் தம்பி. அஞ்சு தினுசா மாத்தி மாத்தி வைங்க. அதுல ஒண்ணு, மேல போய் ஒரு சுழி சுழிச்சு, சொட்டுச் சொட்டா இறங்கணும். அதை இவன் சென்மத்துக்கும் பிடிக்க மாட்டான்.”

நோயாளி ஒருவர் தன் கட்டின் வடிவமைப்பில் இவ்வளவு அக்கறை காட்டுவது வஸ்கிதோவை நெகிழவைத்தது. இரண்டு நாள் பட்டறையிலேயே உட்கார்ந்து ஐந்து ராகம் போட்டான். ஐந்தாவதை அவர் சொன்னபடியே சுழித்து இறக்கினான்.

அதிலிருந்து கசிவு மழையாகக் கொட்டியது. காலை முழுக்கக் கைபேசி சிவந்தே கிடந்தது. ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர் அவனை அழைத்து, மற்றவர்கள் கணக்கு எல்லாம் சரி, இந்த ஒரு கால் எல்லாவற்றையும் கெடுக்கிறது, காரணம் சொல்ல முடியாத கருவியை நோயாளிகள் மேல் ஒட்ட முடியாது என்றார். புண் பார்க்கும் நர்ஸ் நிங்சி குறுக்கிட்டு, குதிகால் கிட்டத்தட்ட மூடிவிட்டது, இத்தனை பேரில் நன்றாக ஆறியதே அதுதான் என்றாள். அது தலைவரை இன்னும் எரிச்சலாக்கியது. ஓயாமல் ஒழுகுகிற கட்டு எப்படி ஆற்றும்? கட்டைக் கழற்றிக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு காலை கனத்த மனசோடு போனான். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தான். பெரியவர் இவ்வளவு பொறுமையாக இருந்தும் உருப்படியாக ஒன்று செய்து கொடுக்க முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான். வீட்டில் இபு மட்டும் இருந்தார். மனுஷன் கூண்டைத் தூக்கிக்கொண்டு பறவைப் போட்டிக்குப் போய்விட்டார், பால்பண்ணைக்குப் பின்னாலிருக்கும் திடலில் போய்ப் பார் என்றார்.

திடலில் கம்பிகளில் வரிசையாகக் கூண்டுகள் தொங்கின. கயிற்றுக்கு வெளியே சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவர்கள் கையில் கொடியோடு கூண்டு கூண்டாகக் காது கொடுத்து நடந்தார்கள். எந்தப் பறவை எவரும் கேட்டிராத குரலை எடுக்கிறதோ அதற்குத்தான் கொடி. பாக் ஜுமாடி இரண்டு காலிலும் திடமாக ஊன்றி நின்றிருந்தார். அவருடைய சோலைபாடி வாயைத் திறந்தது. வஸ்கிதோவின் ராகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஐந்தாவது மேலே போய், ஒரு சுழி சுழித்து, சொட்டுச் சொட்டாக இறங்கியபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடுவர்கள் மூவரும் அந்தக் கூண்டின் கீழேயே கொடியை நட்டார்கள்.

வஸ்கிதோவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐந்து ராகம் போட்டும் இந்தப் பறவையிடம் தோற்றுவிட்டோமே என்றுதான் நினைத்தான். கட்டைக் கேட்பதற்காகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். பாக் ஜுமாடி அவனைப் பார்த்ததும் முகம் வெளுத்துத் தன் பரிசுக் கோப்பைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்.

அவருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தொப்பிக்காரர் ஒருவர், பாடாத பறவையோடு நின்றிருந்தார். வஸ்கிதோவின் சட்டையில் பட்டறையின் பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. மரியாதையாகக் கையைப் பற்றி, காதோரம் குனிந்து கேட்டார்:

“நம்ம ஜுமாடி அண்ணன் பறவைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நீங்கதானா தம்பி? அந்தக் கட்டு ஓரத்தை நகத்தால எத்தனை தடவை தூக்கிவிட்டா அஞ்சாவது ராகம் வரும்?”