பதினாலாம் நம்பர் தாழ்ப்பாள்

தாழ்ப்பாளின் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"என்னங்க, கதவைத் தாழ் போட்டாச்சா?" என்று குளியலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் விசில் சார், குமிழைச் சட்டைப் பைக்குள் மறைத்தபடி.

விசில் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. மனிதர் இருபத்தெட்டு வருடமாக பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால் வண்டி நகர்ந்தாக வேண்டும். டிரைவர் பாதி டீயில் இருந்தாலும் சரி, கண்டக்டர் பாதித் தும்மலில் இருந்தாலும் சரி, அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை.

இந்தச் சுற்றுலாவையும் அவர்தான் நிமிடக் கணக்கில் போட்டிருந்தார். நான்கு நாள், மூன்று தீவு. ஒவ்வொன்றிலும் படகுத் துறைக்குப் பக்கத்திலேயே சல்லிசான ஓட்டல். முதல் தீவில் முதல் இரவு ஆகிவிட்டது. ஏழு மணிப் படகில் இரண்டாவது தீவுக்குப் போக வேண்டும். இப்போது மணி ஆறு இருபது. இந்த நேரத்தில் ஒரு கதவு அவரிடம் வம்பு பண்ணிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தினால் கடல்காற்றுக்கு அது தானாகத் திறந்துகொண்டு, வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அறையைக் காட்டியது. குளியலறைக்குக் கதவே கிடையாது, பிளாஸ்டிக் திரைதான். அதுவும் முழங்காலோடு நின்றுவிட்டது. விசில் சார் முதலில் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். நாற்காலிக்குக் கால் கழன்றது. பிறகு துண்டைத் தாழ்ப்பாளில் மாட்டி ஜன்னல் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டினார். அப்போதுதான் குமிழ் வந்தது.

நேற்று இருட்டுகிற நேரத்தில் வந்து இறங்கியபோதே வரவேற்பில் இருந்த மீசைக்காரரிடம் அவர் புகார் சொல்லியிருந்தார்.

"தாழ்ப்பாள் ஆடுதேங்க?"

"காத்து வாங்கத்தானே சார் கடலோரம் வர்றீங்க?" என்றார் மீசைக்காரர். "எங்க முதலாளி எதையுமே மொத்தமா வாங்கற ஆளு. ஒரே கட்டில், ஒரே பூட்டு, செவுத்துல ஒரே மீன் படம். ஓட்டல் ஒண்ணு கட்டினாலும் மூணு கட்டினாலும் அவருக்கு எல்லாம் ஒரே அச்சுதான். சாவி மட்டும் ரூமுக்கு ஒண்ணே ஒண்ணு. தொலைச்சிடாதீங்க."

விசில் சாருக்கு அந்தச் சாவிதான் இப்போது வழி காட்டியது.

"இங்க பாரு, நான் வெளியில பூட்டிக்கிட்டுப் போறேன். போட்ல ஜன்னலோரமா ரெண்டு சீட்டுக்குத் துண்டைப் போட்டுட்டு ஓடியாந்துடறேன். பத்தே நிமிஷம்."

திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"என்னை விட்டுட்டுப் போறீங்களா?"

"விட்டுட்டு எங்க போறேன்? பூட்டிட்டுத்தான் போறேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரு பஸ் நிலையத்தில் அவள் கைக்குழந்தைக்குப் பால் வாங்கப் போனாள். பத்து இருபதுக்குப் போகிற வண்டி பத்து இருபதுக்குக் கிளம்பியது. கிளப்பியவர் விசில் சார். வண்டிக்குள் அவர் இருந்தார், அழுதுகொண்டு குழந்தை இருந்தது, மனைவி மட்டும் கையில் பாலோடு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். அடுத்த வண்டிக்கு அவள் நாலு மணி நேரம் காத்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்காக அவர் எங்கேயும் காத்திருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"சொல்லிட்டேன்" என்றாள் திரைக்குள்ளிருந்து. "இன்னொரு தடவை என்னை விட்டுட்டுப் போனீங்கன்னா, நான் நேரா அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன். அப்புறம் நீங்க எத்தனை விசில் ஊதினாலும் வர மாட்டேன்."

"பத்து நிமிஷம்டி!"

போன் மூலையில் சார்ஜில் கிடந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிஷத்துக்குப் போன் எதற்கு?

படகில் ஒரு ஆள் இல்லை. ஜன்னலோரம் இரண்டு சீட்டிலும் துண்டை விரித்தார். துண்டைப் போட்டுவிட்டுப் போனால் அதை நகர்த்திவிட்டு உட்காருகிற ஆட்களை டிப்போவில் நிறையப் பார்த்தவர் அவர். நாலு பேர் கண்ணில் படுகிற வரை உட்கார்ந்திருப்போம் என்று உட்கார்ந்தார். படகைத் தவறவிடக்கூடாதே என்று ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் எழுந்து கடிகாரம் பார்த்த உடம்பு. ஜன்னல் கம்பி குளுகுளுவென்று கன்னத்தில் பட்டது.

டொம்மென்று ஒரு இடி. விசில் சார் துள்ளி எழுந்தார். படகு துறையின் ஓரத்தில் தொங்கிய டயரில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரு ஜனம் இல்லை. வாளியோடு ஒருவர் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பது.

பகீரென்றது. ஆனால் ஒரு விநாடிதான். படகு கட்டித்தானே கிடக்கிறது! எதிரே பச்சைப் பெயிண்ட் அடித்த அதே ஓட்டல் நிற்கிறது!

"ஏங்க, இது எப்ப கிளம்பும்?"

"எட்டரைக்கு" என்றார் வாளிக்காரர். "இறங்குங்க சார், கழுவணும்."

விசில் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழு மணிப் படகு எட்டரைக்கா! ஒன்றரை மணி நேரம் தாமதம்! எங்கள் டிப்போவாக இருந்தால் இந்நேரம் மெமோ பறந்திருக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார். கொஞ்சம் கண்ணசந்தது மனைவிக்குத் தெரிய வேண்டாம், படகுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார்.

ஓட்டல் வாசலில் நேற்றுக் கறுப்பாகப் படுத்திருந்த நாய் இன்று வெள்ளையாகப் படுத்திருந்தது. குளிப்பாட்டியிருப்பார்கள். மாடியேறி, பதினாலாம் நம்பர் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது.

"கோவிச்சுக்காதே, போட்டு லேட்டாம்..."

அறையில் யாரும் இல்லை.

பெட்டி இல்லை. பை இல்லை. சார்ஜில் கிடந்த போன் இல்லை. கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்திருந்தது. திரையை விலக்கினார். குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காய்ந்த தரை. ஜன்னலில் கம்பி ஒன்றுகூட வளையவில்லை. சுவரில் மீன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது.

பூட்டிய கதவு. ஒரே சாவி. அதுவும் அவர் பையில். அப்புறம் எப்படி வெளியே போனாள்?

விசில் சார் கதவைத் திரும்பிப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. தாழ்ப்பாளில் குமிழ் இருந்தது. சட்டைப் பையைத் தொட்டார். குமிழ் அங்கேயும் இருந்தது. மூலையில் நாற்காலி நாலு காலோடு நின்றது.

கடைசி நம்பிக்கையாகக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார். தோள் வரைக்கும் போனது. வெளியே வரத்தான் மாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்துத் துடைப்பத்தோடு உள்ளே வந்த வேலைக்கார அம்மாள், காலியாக இருக்க வேண்டிய அறையில் கட்டிலுக்குக் கீழே இரண்டு கால் உதறிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"ஐயையோ! திருடன்!"

ஓட்டல் முழுக்கக் கேட்டிருக்கும். துடைப்பத்தால் இரண்டு போட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் கீழே ஓடினாள். ஒரு வகையில் நல்லதாயிற்று. இரண்டாவது அடியில் விசில் சார் கட்டிலிலிருந்து விடுபட்டார்.

கீழே மீசைக்காரரைக் காணோம். கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் சம்சாரம் எங்கம்மா?"

"யாரு சார் நீங்க?"

"பதினாலாம் நம்பர்! நேத்து ராத்திரி தங்கியிருந்தோமே!"

அவள் நோட்டைப் புரட்டினாள். "பதினாலுல நேத்து யாரும் தங்கலையே சார்."

"தங்கலையா? நேத்து இதே இடத்துல மீசை வச்ச ஒருத்தர் இருந்தாரே?"

"இந்த ஓட்டல்ல மீசை வச்ச ஆளே கிடையாது சார். நானும் இந்த அம்மாவும்தான்."

துடைப்பத்து அம்மாள் தனக்கு மீசை இல்லை என்பதைக் காட்டுவதுபோல் ஒரு அடி முன்னால் வந்தாள்.

விசில் சார் சாவியை மேஜையில் அடித்தார். "அப்ப இது என்ன?"

அந்தப் பெண் சாவியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பின்னால் இருந்த பலகையைப் பார்த்தாள். பதினாலாம் நம்பர் ஆணியில் பதினாலாம் நம்பர் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"ரூமுக்கு ஒரு சாவிதான் சார். அது இதோ இருக்கு" என்றாள். குரல் மாறியிருந்தது. "கள்ளச் சாவி எங்க செஞ்சீங்க?"

பேசிப் பயனில்லை, மனைவியோடே பேசிவிடுவோம் என்று மேஜைப் போனை இழுத்தார். முப்பத்தேழு ரூட்டின் நேரமும் மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு மனைவியின் நம்பர் தெரியாது. தன் நம்பரையே அடித்தார். போன் அவளிடம்தானே இருக்கும்! பிஸி என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் பிஸி.

"அண்ணன்கிட்டதான் பேசறா" என்று முனகினார்.

அதற்குள் படகுத் துறைச் சாவடியிலிருந்து காவலர் வந்துவிட்டார். துடைப்பத்து அம்மாள்தான் ஓடிப்போய் அழைத்து வந்திருந்தாள்.

"என்ன பிரச்சனை?"

"சார், என் சம்சாரத்தைக் காணோம்! பூட்டின ரூம்லேருந்து மறைஞ்சிட்டா!"

"யார் பூட்டினது?"

"நான்தான்."

"வெளியிலேருந்தா?"

"ஆமா சார்."

"அவங்க உள்ள இருக்கும்போதா?"

"ஆமா சார். குளிச்சிட்டு இருந்தா."

காவலர் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"எதுக்குப் பூட்டினீங்க?"

"தாழ்ப்பாள் உடைஞ்சிருந்துச்சு சார்! சாட்சி இருக்கு!" விசில் சார் பையிலிருந்து குமிழை எடுத்து வெற்றியோடு நீட்டினார்.

"தாழ்ப்பாள் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் துடைப்பத்து அம்மாள். "நேத்து கூட்டும்போதுகூட இழுத்துப் பார்த்தேன்."

காவலர் குமிழையும் சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கள்ளச் சாவி. ஓட்டல் சாமான் கையில. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தீங்க. சம்சாரத்தை வச்சுப் பூட்டினேன்னு நீங்களே சொல்றீங்க. ஆளைக் காணோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்க. அந்த அம்மாவை என்ன பண்ணீங்க?"

விசில் சார் பக்கத்தில் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். அவதான் என்னை விட்டுட்டுப் போயிட்டா" என்றார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "எப்படிப் போனான்னு தெரியலை. ஆனா ஏன் போனான்னு தெரியும். அவளுக்காக நான் ஒரு நாளும் காத்திருந்ததே இல்லை. செருப்பு மாட்டறதுக்குள்ள கத்துவேன், தலை வாரினா கத்துவேன். ஊர்ல உள்ள பஸ்ஸையெல்லாம் நேரத்துக்கு அனுப்பினேன், அவ பின்னால ஓடி வந்துக்கிட்டே இருந்தா."

துடைப்பத்து அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். காவலருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

விசில் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காவலர் கையில் திணித்தார். "இது இனிமே எனக்கு வேண்டாம் சார். அவ மட்டும் திரும்பி வரட்டும். எத்தனை மணி நேரம் ஆனாலும் அவளை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். என்னை விட்டுட்டுப் போக அவளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

"அழாதீங்க" என்றார் காவலர். "பொம்பளைங்க கோவம்தானே. இந்தச் சின்ன ஊர்ல எங்க போயிடப் போறாங்க? நான் தேடித் தர்றேன்."

மேஜையில் இருந்த போன் அடித்தது. கண்ணாடிப் பெண் எடுத்தாள்.

"ஹலோ... ஆமா... என்னது?... எத்தனாம் நம்பர்?... ஒரு நிமிஷம் இருங்க."

அவள் மேஜை மேல் கிடந்த சாவியைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"பக்கத்துத் தீவுல இருக்கற எங்க இன்னொரு ஓட்டல்லேருந்து பேசறாங்க சார்... அங்க பதினாலாம் நம்பர்ல சம்சாரத்தை உள்ள வச்சுப் பூட்டிட்டு, ஒருத்தர் சாவியோட ஏழு மணி போட்டுல ஏறிப் போயிட்டாராம். ஆளு இந்தத் தீவுல வந்து இறங்கினாரான்னு, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு அந்த அம்மாவே லைன்ல கேக்கறாங்க."