காணாமல் போன ஒரு மோல்

ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிகளை ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. விதியை யாரால் மாற்ற முடியும்? ஆகவே ஆய்வு அதிகாரி ஒருவர் பதினொன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு மோல் தண்ணீர் என்று வேதியியல் டீச்சர் கரும்பலகையில் எழுதியிருந்தார். அதிகாரி விரல்விட்டு எண்ணினார். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினார்.

டீச்சருக்கு அவரைப் பகைத்துக்கொள்ள வழியில்லை. கணவரும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அங்கே மாறுதல் கேட்டு நாலு வருஷமாகக் கிடக்கும் மனு, இந்த மகானுபாவரின் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது.

"உள்ளே போனது மூணு. வெளியே வந்தது ரெண்டு. மிச்சம் ஒண்ணு எங்க டீச்சர்?"

"எங்கேயும் போகலை சார். மோல்ங்கறது டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை. ஒண்ணோட ஒண்ணு சேரும்போது எண்ணிக்கை குறையலாம், எடை குறையாது. நாலு கிராமும் முப்பத்திரண்டு கிராமும் முப்பத்தாறு. தண்ணியும் முப்பத்தாறு கிராம்தான்."

"எடையை யார் கேட்டா? எண்ணிக்கைக்குப் பதில் சொல்லுங்க."

டீச்சர் வேறு வழியில் வந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ஒருத்தர், உங்க வீட்டம்மா ஒருத்தர். அப்புறம் ஒரே ஜோடி. யாராவது காணாமப் போனாங்களா?"

அதிகாரி வெகுநேரம் யோசித்தார். "நான்தான்," என்றார் வருத்தமாக. ஆனாலும் குறிப்பேட்டில், 'ஒரு மோல் காணவில்லை. விளக்கம் தேவை' என்று எழுதிவிட்டார்.

விஷயம் மேலே போனது. மூவர் குழு ஒன்று வந்து ஆய்வக அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியது. "என்னைத் தாண்டி எந்த மோலும் வெளியே போகவில்லை" என்று காவலாளி எழுதிக்கொடுத்தார். மாறுதல் மனு மட்டும் அசையவில்லை.

கடைசியில் அதிகாரிக்கே மனம் இரங்கியது. "எதுக்கு டீச்சர் வீண் பிடிவாதம்? 'ஒரு மோல் ஆவியாகிவிட்டது'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக்குடுங்க. ஃபைலை மூடிடறேன்."

டீச்சர் மகளை நினைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. மறுவாரமே மாறுதல் உத்தரவு வந்தபோது அந்த வெட்கமும் போய்விட்டது.

அடுத்த ஆண்டு மகள் பொதுத்தேர்வு எழுதினாள். அதே கேள்வி வந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து அம்மா சொல்லித்தந்தபடியே, 'இரண்டு மோல் தண்ணீர், எதுவும் வீணாகாது' என்று எழுதினாள். பூஜ்யம் கிடைத்தது. 'ஒரு மோல் ஆவியாகும்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண்.

"நீ சொன்னதைத்தானேம்மா எழுதினேன்!" என்று அழுதாள்.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. எந்த முட்டாள் இந்த விடையைத் தயாரித்தான் என்று கேட்டு, கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். நாலு வருஷம் அசையாத அலுவலகம் மூன்றே நாளில் பதில் அனுப்பியது:

'விடைக்குறிப்பு சரியானதே. நீண்ட அனுபவமுள்ள ஆசிரியை ஒருவரின் எழுத்துமூல விளக்கத்தை அடிப்படையாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது. நகல் இணைக்கப்பட்டுள்ளது.'

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நகலைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதைப் படித்துவிட்டு, கீழே இருந்ததைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"கையெழுத்து உன்னுது மாதிரியே இருக்கேம்மா?"