உங்கள் தங்கையின் குரலில் அடித்த போன்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் என் நலம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை, பையோடு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை இந்நேரம் விலாவாரியாகச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இருந்தாலும் என் பக்கத்தையும் கேட்டுவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மூல காரணம் நீங்கள்தான். நான் ஓய்வு பெற்ற அன்று அந்தப் போனைக் கையில் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கங்க மாப்பிள்ளை, எல்லாத்தையும் மாத்தலாம்" என்றீர்களா இல்லையா? காலமெல்லாம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தியவன் நான். வண்டியில் ஏறியதும் சீட்டையும் கண்ணாடியையும் தனக்குத் தோதாக மாற்றிக்கொள்ளாத எவருக்கும் நான் பாஸ் போட்டதே இல்லை. அப்படிப்பட்டவனிடம் போய் எல்லாத்தையும் மாற்றலாம் என்று சொல்லலாமா?

முதலில் எழுத்தைப் பெரிதாக்கினேன். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் உங்கள் செய்தியைப் படித்துவிட்டு, "உங்க மச்சானுக்கு இப்ப பேதி நின்னுடுச்சா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். அடுத்து முகப்பில் உங்கள் தங்கையின் படத்தை வைத்தேன். ஆசையாகத்தான் வைத்தேன். அவள் வாங்கிப் பார்த்தபோது நெற்றியில் மணி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கண்ணில் கால்குலேட்டர், இன்னொரு கண்ணில் காலண்டர், வாய் இருந்த இடத்தில் டார்ச் லைட். "மூஞ்சியே தெரியக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க படம்?" என்றாள். அன்று சாப்பாட்டுத் தட்டு மேசையில் ணங்கென்று இறங்கியது.

அவளைச் சமாதானப்படுத்தச் செய்ததுதான் வினையாகிவிட்டது. சமையலறையிலிருந்து "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவாளே, அதைக் கதவோரம் நின்று பதிவு செய்து, போன் வந்தால் அந்தக் குரலே அடிக்கும்படி வைத்துவிட்டேன். கேட்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என் குரல் இவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றாள். எனக்கு வீட்டில் ராஜ மரியாதை. ஆனால் இன்சூரன்ஸ் விற்கிறவர்கள் ஓயாமல் கூப்பிட்டார்கள். குரல் கேட்கும்போதெல்லாம் பேப்பரைப் போட்டுவிட்டு சமையலறைக்கு ஓடுவேன். "கூப்பிட்டியா?" "இல்லையே." ஓடி ஓடி முட்டி தேய்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தக் குரல் கேட்டால் அது போன், எழுந்திருக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் அவள் குளியலறைக்குள் இருந்தபோது தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. "ஏங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் சோபாவில் படுத்தபடியே போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். அடங்கவில்லை. மறுபடி அழுத்தினேன். இவ்வளவு பிடிவாதமாகவா இன்சூரன்ஸ் விற்பார்கள் என்று அலுத்துக்கொண்டு, போனைத் தலையணைக்கு அடியில் செருகி அதன் மேலேயே படுத்துத் தூங்கிப்போனேன். மாடிவீட்டு டெய்லரம்மா இறங்கி வந்து கதவைத் தட்டி, "சார், உங்க வீட்டம்மா கத்துறது தெரு முழுக்கக் கேக்குது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். வெளியே வந்த உங்கள் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா?" "கேட்டுச்சு" என்றேன். உண்மையைச் சொன்னதற்கு அவள் பையை எடுத்துவிட்டாள்.

மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கச் சொல்லி போனைக் கடையில் கொடுத்திருக்கிறேன். உங்கள் நம்பர் அதற்குள்தான் இருக்கிறது, அதனால்தான் கடிதம். சொல்ல வெட்கமாக இருக்கிறது மச்சான், கடைக்காரர் "எல்லாத்தையும் அழிச்சிடவா சார்?" என்றபோது, அந்தக் குரலை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். கூப்பிட ஆளில்லாத வீட்டில் உட்கார முடியவில்லை. காது வேறு பழைய பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது. இதோ, இதை எழுதும்போதுகூட வாசல் பக்கம் "ஏங்க" என்று கேட்கிறது. போனே வீட்டில் இல்லை, ஆகவே பிரமைதான். இப்போது "கதவைத் திறங்க" என்றும் சேர்ந்து கேட்கிறது. நான் பதிவு செய்ததில் அந்த வார்த்தையே கிடையாது. பிரமை முற்றிவிட்டது என்று நினைக்கிறேன். நிலைமையைப் புரிந்துகொண்டு அவளைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல காதோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
வெறும் வீட்டைக் காவல் காக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: பிரமை இல்லை. உங்கள் தங்கை தானாகவே மனசு மாறித் திரும்பி வந்து, நான் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை வாசலில் நின்றிருக்கிறாள். இந்த முறையும் டெய்லரம்மாதான் இறங்கி வந்து சொன்னார். "நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்றாள். போன தடவை பட்ட அனுபவத்தில் "கேக்கலையே" என்றேன். மேசையில் கடிதம் திறந்து கிடந்தது. எடுத்துப் படித்தாள். "கேட்டுச்சுன்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்களே" என்றவள், "ஸ்டாம்பு எல்லாம் வேணாம், அண்ணன்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்துக்குறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் வருகிறேன். உங்கள் வீட்டுக்குள் போனதும் அவள் கதவைச் சாத்திவிடுவாள். இதை நீங்கள் படித்து முடிக்கும்போது வெளியே யாராவது "மச்சான், கதவைத் திறங்க" என்று கூப்பிட்டால், தயவுசெய்து அதைப் போன் என்று நினைத்துவிடாதீர்கள்.