உன் பியானோவுக்குள் சுண்டெலி குடியேறிய விவரம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் புது ஊரில், புதுப் பள்ளிக்கூட வேலையில் அதே மாதிரி இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் பியானோவும் சௌக்கியம். அதாவது, இப்போது சௌக்கியம். அந்த 'இப்போது' என்ற வார்த்தையை விளக்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீ ஒரே ஒரு 'ம்' போட்டால் போதும், எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிடும். சின்ன வயசிலிருந்தே உன் 'ம்' அப்படி.

இந்த மாசக் கடைசியில் லாரி அனுப்புகிறேன், பியானோவை ஏற்றி விடுங்கள் என்று எழுதியிருந்தாய். ஏற்றி விடலாம். ஆனால் நீ அங்கே மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, 'இது யார் கைவேலை?' என்று கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுவது மரியாதை. ஏனென்றால் நீ அந்தப் பியானோ வாங்கிய அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. 'உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, இவ்வளவு பெரிய மரச்சாமான் எதுக்கு?' என்றேன். இரண்டு வருஷம் நீ என்னோடு பேசவில்லை. அப்படிச் சொன்னவன் வீட்டில் நீ நம்பி விட்டுப்போன பியானோவை எலி கடித்தது என்றால், அண்ணன் எலிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டான் என்றுதானே நினைப்பாய்? நான் கூப்பிடவில்லை. இதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

முதலில் கண்டுபிடித்தவள் உன் அண்ணி. ஒரு மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, "என்னங்க, பியானோ தானா சத்தம் போடுது" என்றாள். "எப்படிச் சத்தம்?" என்றேன். "யாரோ ரொம்பக் கூச்சப்பட்டு வாசிக்கிற மாதிரி" என்றாள். நான் எடை அளவு இலாகாவில் முப்பத்தொரு வருஷம் தராசு பார்த்தவன், கூச்சத்தையெல்லாம் எந்த அளவில் எடுத்துக்கொள்வது? மர விரிசல், வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பெடல் பக்கத்தில் தரையில் சிவப்பாகப் பஞ்சு மாதிரி ஏதோ கிடந்தது. உன் அண்ணி தைக்கிற துணியில் உதிர்ந்தது என்று நான் சொன்னேன். அவள் நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை ஒரு தடவை பார்த்தாள்.

மாடியில் பல் டாக்டர் இருக்கிறாரே, அவரைக் கூப்பிட்டேன். மனுஷர் நல்லவர், ஓய்வு நேரத்தில் எதற்குக் கூப்பிட்டாலும் இறங்கி வருவார். கையில் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி, நெற்றியில் விளக்கு. தரையில் குப்புறப் படுத்து, பெடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஓட்டையில் கண்ணாடியை விட்டு, பழக்க தோஷத்தில் "கொஞ்சம் நல்லாத் திறங்க" என்று பியானோவிடமே சொன்னார். அப்புறம் அசையவில்லை. "என்ன சார் தெரியுது?" என்றேன். "என்னைப் பார்க்குது" என்றார். "எது?" "ரெண்டு கண்ணு. சின்னக் கண்ணு. பயமே இல்ல சார் அதுக்கு. என்கிட்ட வர்ற ஆளுங்கள்ல ஒருத்தருக்குக்கூட இவ்வளவு தைரியம் கிடையாது."

அந்த ஓட்டையில் எலி நுழைய முடியாது என்று நான் வாதாடினேன். அளவுகோல் வைத்துக் காட்டினேன், பெடலுக்கும் மரத்துக்கும் நடுவில் அரை அங்குலத்துக்கு நூலிழை அதிகம், அவ்வளவுதான். டாக்டர் தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டி, "இது போனா அது போகும் சார்" என்றார். சுண்டெலி சட்டப்படி அளவெடுத்துக்கொண்டு நுழைவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு நான் எடுத்த நடவடிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. தையற்காரர் வீட்டுப் பூனையை ஒரு வாரத்துக்கு இரவலாக வாங்கி வந்தேன். அது வந்ததும் வராததுமாகப் பியானோவின் மேல் மூடியில் ஏறிப் படுத்தது, படுத்ததுதான், மூன்று நாள் இறங்கவில்லை. உள்ளே சுண்டெலி நடக்க, மேலே பூனை தூங்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை. நான்காம் நாள் நானே தூக்கி இறக்கப் போனபோது அது நகத்தை ஊன்றியதில் ஒரு கீறல் விழுந்தது. மூன்றே முக்கால் அங்குலம், வலது ஓரம். லாரிக்காரர் மேல் பழி போட்டுவிடாதே, அது நான் இறக்கிய பூனை. அடுத்து, பிளக்கில் செருகினால் எலிக்கு மட்டும் கேட்கிற சத்தம் போடும் என்று ஒரு கருவி வாங்கினேன். டாக்டர் வீட்டு நாய் மாடியில் ஊளையிட ஆரம்பித்தது, பல் பிடுங்க உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். சுண்டெலி மட்டும் வழக்கம்போல் மத்தியானம் மூன்று மணிக்குத் தன் கச்சேரியைத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது என்று நினைத்தேன். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் இருக்கிறதல்லவா, எலி அதைக் கடிக்காது, பல்லில் குத்தும். ஆறு உருண்டை வாங்கிப் பிரித்து, பெடல் ஓட்டை மூன்றையும், பின்பக்கத்தில் ஒரு விரிசலையும், தூசுகூடப் புக முடியாதபடி அடைத்தேன். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எந்த எலியும் உள்ளே போகாது" என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் பியானோவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் ரொம்பத் தன்மையாக, "உள்ளே இருக்கிறது எப்படிங்க வெளியே வரும்?" என்றாள்.

தங்கச்சி, நான் கதவைப் பூட்டினேனே தவிர ஆள் உள்ளே இருக்கா இல்லையான்னு பார்க்கவே இல்ல. சாப்பாடும் மெத்தையும் உள்ளேயே வச்சுப் பூட்டின மாதிரி ஆயிடுச்சு. அவசரம் அவசரமாப் பியானோ ரிப்பேர் பண்றவங்களைத் தேடினோம். வந்தது ஒரு பொண்ணு, உன்னைவிடப் பத்து வயசு சின்னவளா இருப்பா, கையில தோல் பை, பேச்சில அப்படியே பெரிய டாக்டர். வந்ததும் மேல் மூடியைத் திறந்து பார்த்தா, நாலு கட்டையை அழுத்திப் பார்த்தா, ரெண்டு கட்டை போனது போனபடி திரும்பி வரல. "கடைசியா எப்போ வாசிச்சீங்க?" என்று கேட்டா. "நாங்க வாசிக்கிறதில்லம்மா, பாதுகாக்கிறோம்" என்றேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, குனிஞ்சு, கீழ்ப் பலகையைத் தாங்குற பட்டை ஸ்பிரிங்கை அழுத்தினா. பலகை கழண்டு கையோட வந்தது.

உள்ளே ஒரு தேங்காய் அளவுக்குக் கூடு. அத்தனையும் உன் பியானோவோட சிவப்புக் கம்பளித் துணி, உள்ளே கம்பியைத் தட்டுற சின்னச் சுத்தியலோட வெள்ளைக் கம்பளி, சின்னச் சின்ன நாடா. நடுவில அஞ்சு குஞ்சு, ஒவ்வொன்னும் என் சுண்டுவிரல் நுனி அளவு, ரோஸ் கலர்ல, கண்ணே திறக்கல. தாய் எலி ஒரு ஓரமா நின்னு எங்களைப் பார்த்துது, ஓடல. நான் துடைப்பத்தை எடுத்தேன். உன் அண்ணி என் கையிலேர்ந்து துடைப்பத்தை வாங்கிச் சுவத்துல சாத்தி வச்சிட்டா. நாம இங்கே முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, கூட்டுக்குப் பக்கத்துல வேறொரு பொருளும் இருந்தது. அதைப் பத்தி நான் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ரிப்பேர்காரப் பொண்ணு அதை ரெண்டு விரலால தூக்கி, "இது யாரோடது?" என்று கேட்டா. கிரீம் பிஸ்கட் பொட்டலம். ஒன்னு இல்ல, மூணு.

எனக்குச் சர்க்கரைன்னு ஆஸ்பத்திரியில சொன்னதிலேர்ந்து உன் அண்ணி வீட்டில ஒரு டப்பாவைக்கூட விட்டு வைக்கல. அலமாரி, பரண், ஷூ வைக்கிற இடம், எல்லாத்தையும் தேடிடுவா. அவ கை வைக்காத ஒரே இடம் உன் பியானோதான், ஏன்னா நீதான் போகும்போது யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனே. கீழ்ப் பலகை கழண்டு வரும்னு தூசு தட்டும்போது நான் தற்செயலாக் கண்டுபிடிச்சேன். சத்தம் ஆரம்பிச்சதிலேர்ந்து உன் அண்ணி எதிர்ல அந்தப் பலகையைத் திறக்க எனக்குத் தைரியம் வரல, அவ்வளவுதான் நடந்தது. உன் அண்ணி திட்டுவான்னு எதிர்பார்த்தேன். அவ பொட்டலத்தையும் பார்த்தா, என்னையும் பார்த்தா, "எலிக்காவது கொடுக்கணும்னு தோணிச்சே" என்று சொல்லிட்டு உள்ளே போய் ஒரு செருப்பு டப்பாவை எடுத்துட்டு வந்தா. கூட்டைக் கலைக்காம அப்படியே தூக்கி டப்பாவில வச்சா, தாய் எலி தானாவே பின்னாடி ஏறிக்கிச்சு. அச்சகத்துக்குப் பின்னால காலி மனை இருக்கில்ல, அங்கே கொண்டுபோய்ப் பழைய மரப் பலகைக்கு அடியில வச்சிட்டு வந்தா. நான் குடை பிடிச்சேன்.

இப்போது மறுபடி ஒழுங்காக எழுதுகிறேன். ரிப்பேர்காரப் பெண் ஒன்பது நாள் வந்தாள். ஏழு சுத்தியலுக்குப் புதுக் கம்பளி, கடிபட்ட நாடாக்கள் எல்லாம் புதுசு, ஒட்டிக்கொண்ட இரண்டு கட்டையும் சரி. கீழ்க் கம்பிகளில் எலி அசுத்தம் பட்டுத் துரு பிடித்திருந்தது, அதையும் துடைத்தாகிவிட்டது. பெடல் ஓட்டைக்கு உள்பக்கமாகக் கம்பி வலை அடித்து, பெடல் அசைவதற்கு மட்டும் பிளவு விட்டிருக்கிறாள். இனி வருங்காலத்துக்கு அவள் சொன்னவை: பியானோ இருக்கிற அறையில் ஒரு ரொட்டித் துண்டுகூடக் கூடாது. சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். மாசம் ஒரு தடவை கீழ்ப் பலகையைக் கழற்றி விளக்கடித்துப் பார்க்க வேண்டும். விஷம் வைக்கவே கூடாது, அது உள்ளே போய்ச் செத்தால் பியானோவையே பிரிக்க வேண்டி வரும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இது எல்லாத்தையும்விட முக்கியம், தினமும் வாசிங்க. ஆள் புழங்குற வீட்டில எலி குடித்தனம் பண்ணாது. பூட்டி வச்சா அதுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது" என்றாள்.

யார் வாசிப்பது? என் கை எடைக்கல் தூக்கின கை. உன் அண்ணிதான் முன்வந்தாள். முதல் நாள் துணியால் ஒவ்வொரு கட்டையாகத் துடைத்தாள், அதுவே ஒரு சத்தம் என்று. அப்புறம் ஒற்றை விரல். ரிப்பேர்காரப் பெண் போகும்போது ஒரு தாளில் விரலுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தாள். இப்போது நான்கு மாசம் ஆகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் நான்கரை வரை. இரண்டு கையும் சேர்ந்து ஓடுகிற சின்னப் பாட்டு ஒன்று வருகிறது, நடுவில் ஒரு இடத்தில் தடுக்கும், நின்று, மூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து. நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிறேன். பக்கம் திருப்பினால் சத்தம் வருகிறது என்பதால் ஒரே பக்கத்தைப் படிக்கிறேன். மாடியில் பல் டாக்டரிடம் வருகிறவர்கள், "கீழே யாருங்க வாசிக்கிறது?" என்று கேட்கிறார்களாம். மூன்று மணிக்கே நேரம் கேட்டு வாங்குகிறார்களாம்.

ஆக, தங்கையே, நீ கொடுத்ததைவிட நல்ல நிலையில் (அந்தக் கீறல் நீங்கலாக) உன் பியானோ தயாராக இருக்கிறது. சொன்னபடி மாசக் கடைசியில் லாரியை அனுப்பி எடுத்துக்கொள். முன்னறையில் கைகால் நீட்ட இடம் கிடைக்கும், மாசாமாசம் இந்தக் குண்டு உடம்போடு குப்புறப் படுத்து விளக்கடிக்கிற வேலையும் எனக்கு மிச்சம். நான் அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தையை, எழுத்து மூலமாகவே, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேரில் வரும்போது அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்க வேண்டாம். நீயும் உன் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடும், ஓட்டை இல்லாத வீட்டோடும் நலமாக இருக்க அண்ணனின் ஆசிகள். அண்ணியும் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையில் போடுவதற்குமுன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பிஸ்கட் வருகிற இடத்தில் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரித்தாள். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம், "அப்போ இது போயிடுமா?" என்று கேட்டாள். "அவளோடதுதானே" என்றேன். "ஆமாமா, அவளோடதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மணி மூன்றேகால் ஆகிறது, பியானோ மூடியே இருக்கிறது. கல்யாணம் ஆன இந்த முப்பத்தாறு வருஷத்தில் இவள் தனக்கென்று ஒரு பொருளைப் பற்றி என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை, அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எனவே மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். லாரியை அனுப்பாதே. மேற்படி பியானோ நகர்த்துகிற நிலையில் இல்லை. எலித் தொல்லை மிகவும் அதிகமாக இருக்கிறது.