கட்டை நுழைய வேண்டும்

கட்டை தடங்கலில்லாமல் நுழைந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

காலையிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் அப்படியே. பரிசோதகர் தரையில் குப்புறப் படுத்து, மரக்கட்டையை வண்டியின் வயிற்றுக்கடியில் தள்ளுவார். அது சுலபமாகப் போய் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். "சரி, போகலாம்." வண்டி போய்விடும். கொட்டகையில் மறுபடியும் அவரும் கட்டையும்.

பந்தய வண்டியின் வயிறு தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. அந்தச் சந்துக்குள் காற்று வேகமாகப் பாயும்போது வண்டியைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும். வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு மீறினால் ஆபத்து. அதனால்தான் இந்த உயரச் சோதனை.

பரிசோதகருக்குப் பட்டப்பெயர் மில்லிமீட்டர். அவரோடு மல்லுக்கு நிற்பதற்கென்றே பிறந்தவர் ஓர் அணியின் தலைமை மெக்கானிக், எல்லாருக்கும் மேஸ்திரி. கட்டை விதி வந்த வருஷமே, நிற்கும்போது நிமிர்ந்து நின்று ஓடும்போது பதுங்கும் ஸ்பிரிங் ஒன்றை மேஸ்திரி பொருத்திவிட்டார். மில்லிமீட்டர் அதைத் தடை செய்தார். மேஸ்திரி ஸ்பிரிங்கை இரும்பு மாதிரி விறைப்பாக்கினார். மற்ற அணிகளும் காப்பியடித்தன. ஓட்டுநர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வயிற்றில் பலகை ஒட்ட வேண்டும், அது தேய்ந்தால் குற்றம் என்றார் மில்லிமீட்டர். அளந்து பார்க்கும் இடத்தில் மட்டும் தேயாத வில்லை பதித்துக்கொண்டு வந்தார் மேஸ்திரி.

ஒவ்வொரு தடவையும் கொட்டகையில் பெரிய வாக்குவாதம் நடக்கும். முடியும்போது மில்லிமீட்டரின் ஃபிளாஸ்க்கில் பாதி டீ காலியாகியிருக்கும்.

கடைசியில் ரோஷம் வந்து, ஓட்டையே இல்லாத ஒரு விதியை எழுதிவிட்டார். ஸ்பிரிங், அடித்தளம் எல்லாம் ஒரே தொழிற்சாலையிலிருந்து, முத்திரையோடு வரும். யாரும் கை வைக்க முடியாது.

அதன்பிறகு வண்டிகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. முந்துவாரில்லை, பார்க்க வருவோரும் குறைந்தார்கள். மேஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். மில்லிமீட்டரின் வீட்டிலோ மனைவி போனபின் பேச ஆளில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சாப்பாட்டை விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள். போன வாரம், கதவைச் சரியாக மூடாததற்காக ஃபிரிட்ஜிடம் மன்னிப்புக் கேட்டதை நினைத்து அவருக்கே பயமாக இருந்தது.

வரிசையில் மிச்சமிருந்தது மேஸ்திரியின் வண்டி மட்டும். மில்லிமீட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டையின் அடியில் ஒட்டுநாடாவை ஒரு சுற்று ஒட்டினார். யோசித்து, இன்னொரு சுற்று. பந்தயம் நாளைக்குத்தானே, சோதனையில் தோற்றாலும் சரிசெய்துவிட்டு வரலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எப்போதும் முதலில் டயர்க் காற்றைப் பார்ப்பவர், அவசரத்தில் நேராகக் கட்டையை எடுத்தார்.

உரசும் என்று நினைத்துத் தள்ளினார். பாதியில் சிக்கிக்கொண்டது. காலால் உதைத்தார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

மேஸ்திரியும் பக்கத்தில் வந்து படுத்தார். "என்ன சார், உங்க கட்டை குண்டாயிடுச்சா?"

மில்லிமீட்டருக்கு வியர்த்தது. "உங்க வண்டிக்குத்தான் தொப்பை விழுந்திருக்கு."

"முத்திரை போட்ட ஸ்பிரிங் சார். நீங்க எழுதின விதி."

"விதி சரியாத்தான் இருக்கு. உங்க கைதான் சும்மா இருக்காது."

இரண்டு பேருமாக இழுத்தார்கள். கட்டை வரவில்லை, வாக்குவாதம் வந்தது. வெயிலில் ஸ்பிரிங் தளரும் என்றார் மேஸ்திரி. எஃகு இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது என்று மில்லிமீட்டர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். அந்தப் படத்தை மேஸ்திரி அழித்து வேறு போட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டையை எடுத்தபிறகும் சாக்பீஸ் ஓயவில்லை. ஃபிளாஸ்க் முழுசாகக் காலியானது.

சாயங்காலம் மேஸ்திரி வண்டியை வெளியே கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தார். அதற்குள் இவர் நாடாவை உரித்திருந்தார். கட்டை வழுக்கிக்கொண்டு போனது.

"அடுத்த பந்தயத்துல பார்ப்போம் சார்," என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே போனார்.

கொட்டகையைப் பூட்ட வாசல் காவலர் வந்தபோது மில்லிமீட்டர் உரித்த நாடாவை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்றும் சேர்ந்தும் நகத்தின் கனம்கூட இல்லை. உரசியிருக்கலாம், இப்படிச் சிக்கியிருக்கக் கூடாது.

"இவ்வளவு மெல்லிசுக்குக் கட்டை எப்படிய்யா அப்படி மாட்டும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

காவலர் சாவியைத் திருப்பினார். "மாட்டாம என்ன சார் செய்யும்? உள்ள வர்றதுக்கு முன்னாடி என் கேட்டுக்கிட்ட நின்னு நாலு டயர்லயும் காத்த இறக்கிவிட்டாரே அந்த மேஸ்திரி. ஏன்யான்னு கேட்டேன். 'வண்டி சரியா இருந்தா உடனே அனுப்பிடுறாருப்பா'ன்னாரு."